ஒரு குறையை மறு குறை தீர்க்கும்: புரொப்பல்லர் ஷாப்ட் பற்றி ஒரு பாடம்

அடுகோடி வழியாக ஓசூர் சாலையில் ஓடும் லாரிகளைப் பார்க்கும்போது என் கண் முதலில் அடிப்பக்கத்துக்கே போகும். கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் நீண்ட குழாய்தான் புரொப்பல்லர் ஷாப்ட். ஒர்க்‌ஷாப் தொழில் கற்கும் நம் இளைஞர்களுக்காக அதிலுள்ள ஒரு நுட்பத்தை விளக்க விரும்புகிறேன்.

2014 வரை தயாரான அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். கியர் பெட்டி வண்டியோடு பிணைந்தது. பின் அச்சோ பள்ளம் மேடுகளுக்கேற்ப ஏறி இறங்கும். ஆகவே இரண்டுக்கும் இடையிலான தூரமும் கோணமும் ஓயாமல் மாறும். தூர மாற்றத்தை ஒன்றனுள் ஒன்று நழுவும் ஸ்பிளைன் ஏற்கிறது. கோண மாற்றத்தை இரு முனைகளிலும் உள்ள கிராஸ் ஜாயின்ட் ஏற்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்ததால் இதற்கு ஹூக் இணைப்பு என்றும் பெயர்.

இந்த இணைப்பில் ஒரு குறை உண்டு. ஒரு தண்டு நிமிடத்துக்கு 1000 சுற்று என்று சீராகச் சுழன்றாலும், 10 பாகை சாய்ந்துள்ள மறு தண்டின் வேகம் 985-க்கும் 1015-க்கும் இடையே ஊசலாடும். ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை இப்படி நடக்கும். சாய்வு 20 பாகையானால் வேகம் 940-க்கும் 1064-க்கும் இடையே மாறும்.

இக்குறையைத் தீர்ப்பது இரண்டாவது இணைப்பு. முதலாவது வேகத்தைக் கூட்டும் கணத்தில் இது அதே அளவு குறைக்கும். அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. இரு முனைகளின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். குழாயின் இரு முனைகளிலும் கவட்டை போலுள்ள யோக்குகள் ஒரே தளத்தில் அமைய வேண்டும்.

ஸ்பிளைனைக் கழற்றிக் கால் சுற்று திருப்பி மாட்டினால் என்ன ஆகும்? குறை கழியாது, கூடும். 10 பாகையிலேயே வேகம் 970-க்கும் 1031-க்கும் இடையே அலையும். வண்டி அதிரும், கிராஸ் பேரிங்குகள் விரைவில் தேயும். முன் முனை கழன்று சாலையில் குத்தினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கழற்றும் முன்பே அம்புக்குறிகளைப் பாருங்கள். இல்லையெனில் பெயிண்டால் குறியிடுங்கள்.

ஷாப்டைக் குழாயாகச் செய்வது ஏன்? முறுக்கைப் பெரிதும் தாங்குவது வெளிப்புற உலோகமே. உள்ளீடு வீண் பாரம். நீளமும் முக்கியம். அதே குழாய் இருமடங்கு நீண்டால், அது வளைந்து அதிரத் தொடங்கும் வேகம் நான்கில் ஒன்றாகக் குறையும். அதனால்தான் நீண்ட லாரிகளில் ஷாப்டைத் துண்டுகளாக்கி நடுவே சென்டர் பேரிங் வைக்கிறார்கள்.

1983-இல் வந்த மாருதி 800 முன்சக்கரங்களால் ஓடுவது. அதற்கு இந்த நீண்ட ஷாப்ட் இல்லை. ஆனால் முன்சக்கரம் திரும்பும்போது கோணம் மிக அதிகம். அங்கே தனிக் கிராஸ் உதவாது. எஃகுக் குண்டுகள் கொண்ட சமவேக இணைப்பு தேவை. அக்குண்டுகள் இரு தண்டுகளின் கோணத்தை எப்போதும் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்பதால் வேகம் மாறுவதில்லை. அதன் ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண் புகும். உறையை உடனே மாற்றினால் இணைப்பு பிழைக்கும்.

இளைஞர்களே, பாகத்தை மாட்டக் கற்பதோடு நின்றுவிடாதீர்கள். அது ஏன் அப்படி மாட்டப்படுகிறது என்பதையும் கற்றுக்கொள்ளுங்கள்.