முதுகுப்புறத்து ஆபத்து

கைத்தொலைபேசியை நீட்டித் தம்மைத் தாமே படம் பிடிக்கும் 'செல்பி' வழக்கம் இன்று இளைஞரிடையே வேரூன்றிவிட்டது. அதனைக் கடிந்துரைப்பது எமது நோக்கமன்று. எனினும், 2011 ஒக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை வெளிவந்த செய்திகளை இந்திய மருத்துவ ஆய்வாளர் சிலர் திரட்டியபோது, இவ்வாறு படமெடுக்கையில் உயிர்நீத்தோர் உலகெங்கும் 259 பேர் எனக் கண்டனர். அவர்தம் சராசரி வயது ஏறக்குறைய 23. நீரில் மூழ்கியோரே மிகுதி. அடுத்து வண்டிகளில் அடிபட்டோரும் உயரத்திலிருந்து வீழ்ந்தோரும் ஆவர்.

இவர்களெல்லாம் ஆபத்தை அறிந்தே விளையாடியவர்களோ? பலர் அல்லர் என்பதே எமது துணிபு. படமெடுப்போன் ஆபத்துக்கு முதுகு காட்டி நிற்கின்றான். முன்புற வில்லை அகன்ற பரப்பைச் சுருக்கிக் காட்டுவது; ஆதலின் பின்னால் வரும் புகைவண்டி திரையில் சிறிதாய், தொலைவிலுள்ளது போலத் தோன்றும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டியோ ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடும். கொழும்புக் கரையோரப் பாதையிலே அலையோசை வண்டியோசையை விழுங்கிவிடுதலும் உண்டு. தண்டவாளத்தைவிட்டு ஓரடி விலகினாற் போதுமென எண்ணுவோர், பெட்டியின் உடல் தண்டவாளத்துக்கு வெளியேயும் நீண்டிருப்பதை மறந்துவிடுகின்றனர்.

மாணவ நண்பர்களே, படம் வேண்டுமாயின் பாதைக்கு நன்கு அப்பால் நின்று, தோழனொருவனை எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பின்னால் வருவதை அவன் கண் காணும்.