ஆங்கில வகுப்பில் விளையாட்டு: பேசும் நேரத்தின் கணக்கு

இந்தியாவில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் மிகச் சிலரே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவ்வாறு பதிவு செய்துகொண்டவர்கள் சுமார் 2.6 இலட்சம் பேர். ஆயினும், தங்கள் குழந்தைகள் ஆங்கிலம் அறிந்திருக்க வேண்டும் என்ற விருப்பம் இன்று நாட்டின் ஏழை எளிய குடும்பங்களிலும் வேரூன்றியுள்ளது. பல மாநிலங்களில் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கப்படுவதற்கு இவ்விருப்பமும் ஒரு காரணமாகும்.

நகரத்து வசதி படைத்த குழந்தைக்கு ஆங்கிலம் வீட்டிலும் வெளியிலும் ஓரளவு காதில் விழுகிறது. சிற்றூர் அரசுப் பள்ளிக் குழந்தைக்கோ, அம்மொழியைப் பேசிப் பழகுவதற்குப் பெரும்பாலும் வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை. எனவே, அங்கே கிடைக்கும் சில நிமிடங்கள் எவ்வாறு செலவிடப்படுகின்றன என்பது கற்பித்தல் முறை பற்றிய வினா மட்டுமன்று. சமவாய்ப்பு பற்றிய வினாவும் ஆகும்.

பத்து நிமிடங்களின் பங்கீடு

நாற்பது குழந்தைகள் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். பாடவேளை 40 நிமிடங்கள். வருகைப் பதிவு, ஆசிரியரின் வாசிப்பு, விளக்கம், எழுத்து வேலை ஆகியவை போக, பேச்சுப் பயிற்சிக்கு 10 நிமிடங்கள் எஞ்சுவதாகக் கொள்ளலாம். ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பி வினவினால், ஒரு குழந்தையின் பங்கு 15 விநாடிகள் மட்டுமே. நடைமுறையில் இந்தப் பங்கும் சமமாகக் கிடைப்பதில்லை. முன்வரிசையில் அமர்ந்து கை உயர்த்தும் சில குழந்தைகளே அதைப் பெற்றுவிடுகின்றனர்.

வகுப்பு முழுவதும் ஒருசேரக் கூறும் முறையில் குரல் எழுகிறது; ஆனால், கருத்தை உணர்ந்து பேசும் பேச்சு அங்கே எழுவதில்லை. அதே 10 நிமிடங்களைக் குழந்தைகள் இருவர் இருவராக அமர்ந்து விளையாடும் விளையாட்டிற்கு ஒதுக்கினால், ஒரே வேளையில் 20 பேர் பேச, 20 பேர் கேட்கின்றனர். ஒரு குழந்தையின் பங்கு 5 நிமிடங்களாகிறது. அதாவது, முன்னதைப் போல் 20 மடங்கு. கூடுதல் ஆசிரியரோ கூடுதல் நிதியோ இதற்குத் தேவையில்லை.

விளையாட்டின் பயன்

இளங்குழந்தை எந்த மொழியையும் முதலில் கேட்டு உணர்கிறது, பிறகே பேசுகிறது. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் ஆஷர் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, கட்டளையைக் கேட்டு உடலால் செயற்படும் கற்பித்தல் முறையை 1960களில் வகுத்தார். பேசும்படி வற்புறுத்தாமையால் குழந்தையின் அச்சம் குறைகிறது என்பது இம்முறையின் சிறப்பாகும்.

இந்திய மண்ணிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. குஜராத்தின் பாவ்நகரில் 1920இல் பால மந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா, கதையையும் விளையாட்டையும் கல்வியின் நடுவே வைத்தார். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய, பெங்களூர்த் திட்டம் எனப்படும் ஆங்கிலக் கற்பித்தல் முயற்சி உலக அளவில் கவனிக்கப்பட்டது. இரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கொண்டு ஒரு சிக்கலுக்கு விடை காணும் பணி மாணவர்களுக்கு அளிக்கப்பட்டது. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே மொழி படிகிறது என்பது அதன் அடிப்படைக் கருத்து. நல்ல விளையாட்டும் இதே பணியைச் செய்கிறது.

வகுப்பிற்கு உகந்த மூன்று விளையாட்டுகள்

முதலாவது, கட்டளை விளையாட்டு. 'ஸ்டாண்ட் அப்', 'டச் தி டோர்' என ஆசிரியர் கூற, குழந்தைகள் அவ்வாறே செய்வர். சில நாட்களுக்குப் பிறகு கட்டளையிடும் பொறுப்பைக் குழந்தைகளே ஏற்பர்.

இரண்டாவது, பாண்டி. வட இந்தியாவில் ஸ்டாப்பு என்றும், ஆந்திரத்தில் தொக்குடு பில்ல என்றும், கர்நாடகத்தில் குண்டே பில்லே என்றும் வழங்கும் இவ்விளையாட்டைக் கற்றுத்தர வேண்டியதில்லை. கட்டங்களில் படங்களை வரைந்து, கல் விழுந்த கட்டத்திலுள்ள பொருளைப் பற்றி ஒரு வாக்கியம் கூறிய பின்னரே தாண்ட வேண்டும் என்ற விதியைச் சேர்த்தால் போதும்.

மூன்றாவது, ஒளித்த பொருளைக் கண்டறிதல். ஒரு குழந்தை கல், இலை, பென்சில் ஆகியவற்றுள் ஒன்றைக் கைக்குள் மறைத்துக்கொள்ளும். மற்றது 'இஸ் இட் எ ஸ்டோன்?' எனக் கேட்கும். விடை உண்மையிலேயே தெரியாததால், இங்கே எழும் வினா மெய்யான வினாவாகும். ஆசிரியர் புத்தகத்தைக் கையில் ஏந்தி 'இது என்ன?' என்று கேட்கும் வினாவிற்கு இத்தன்மை இல்லை.

கவனிக்க வேண்டியவை

எல்லா விளையாட்டும் பயன் தருவதில்லை. தவறு செய்தவர் வெளியேற வேண்டும் என்ற விதி குறிப்பாகத் தீங்கானது. பயிற்சி மிகுதியாகத் தேவைப்படும் குழந்தையே முதலில் வெளியேறி, எஞ்சிய நேரம் முழுதும் வேடிக்கை பார்க்கிறது. வெளியேற்றுவதற்குப் பதிலாக மறுவாய்ப்பு அளிப்பதே முறை.

ஒவ்வொரு விளையாட்டிற்கும் குறிப்பிட்ட சொற்களோ வாக்கிய அமைப்போ இலக்காக இருத்தல் வேண்டும். விதிகளைத் தாய்மொழியில் விளக்குவதில் குறையேதும் இல்லை. ஓடியாட இயலாத குழந்தைக்குக் கட்டளையிடுதல், புள்ளி எண்ணுதல் போன்ற பொறுப்புகளைத் தரலாம். ஆயின், அக்குழந்தையும் பேசுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். விளையாடி முடித்ததும், பேசிய வாக்கியங்களுள் இரண்டொன்றை எழுதச் செய்வது கற்றதை நிலைப்படுத்தும்.

நிர்வாகத்தின் பங்கு

கொள்கை அளவில் இம்முறைக்குத் தடையேதும் இல்லை. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தொடக்கக் கல்வி குழந்தையை மையமாகக் கொண்டு செயல்வழி அமைய வேண்டும் என்றது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் செயல்வழியும் கண்டறிதல்வழியும் கற்பதை வலியுறுத்துகிறது. 2022இல் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளுக்கு விளையாட்டையே கற்பித்தலின் அடிப்படையாக்கியுள்ளது.

இடர்ப்பாடு நடைமுறையில்தான் உள்ளது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களே. ஐந்து வகுப்புகளையும் அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். இத்தகைய பள்ளியில் மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பின் விளையாட்டை நடத்தினால், இருசாராரும் பயனடைவர். ஆசிரியரும் மற்றொரு வகுப்பைக் கவனிக்க இயலும்.

இரண்டாவது இடர்ப்பாடு, ஓசையை ஒழுங்கின்மையாகக் கருதும் மனப்பான்மை. பள்ளியைப் பார்வையிடும் அலுவலர் எத்தனை பாடங்கள் முடிந்தன, ஏடுகள் திருத்தப்பட்டனவா என்று மட்டும் வினவினால், ஆசிரியர் அமைதியான வகுப்பையே நாடுவார். அதற்கு மாறாக, அலுவலர் 10 நிமிடங்கள் பின்வரிசையில் அமர்ந்து, எத்தனை குழந்தைகள் தாமாக ஒரு வாக்கியமேனும் பேசினர் என எண்ணிப் பார்க்கலாம். இதற்குப் புதிய படிவமோ செலவோ வேண்டியதில்லை. ஆனால், அலுவலர் எதை எண்ணுகிறாரோ அதையே பள்ளி வளர்க்கும். அவ்வெண்ணிக்கை கடைசி வரிசைக் குழந்தையையும் உள்ளடக்குமாறு செய்வதே நிர்வாகத்தின் கடமையாகும்.