71 பெரியதா, 142 பெரியதா?

முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என 2014ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. தேனி, கம்பம் பக்கம் பள்ளிச் சிறுவனும் இதைச் சொல்வான். ஆனால் இந்த இரண்டு அளவுகளையும் வெப் பக்கத்தில் டைப் செய்து, எது பெரியது என ஜாவாஸ்கிரிப்ட்டிடம் கேட்டால், 71 தான் என்று சொல்லக்கூடும்!

கட்டத்தில் நாம் டைப் செய்வது எண்ணாகவே இருந்தாலும், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அது ஸ்ட்ரிங்காகவே, அதாவது எழுத்துகளின் வரிசையாகவே, கிடைக்கிறது. இரண்டு ஸ்ட்ரிங்குகளை அது அகராதி முறையில் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். 1க்குப் பின்னர் 7 வருவதால் 71 பெரியதாகிவிடுகிறது. இரண்டையும் கூட்டினால் 213 கிடைக்காது. 71142 என ஒட்டிக் கொள்ளும். கழித்தல், பெருக்கலில் இந்தத் தொல்லை இல்லை. தானே எண்ணாக மாற்றிக் கொள்ளும். கூட்டல் மட்டும் ஏன் தப்பாகிறது எனப் புதியவர்கள் குழம்புவது இதனால்தான்.

இதற்கு மூன்று கட்டளைகள் உள்ளன: நம்பர், பார்ஸ்இன்ட், பார்ஸ்ஃப்ளோட். கட்டளைக்குப் பின் அடைப்புக் குறிக்குள் ஸ்ட்ரிங்கைத் தர வேண்டும். பார்ஸ்இன்ட் முழு எண்ணை மட்டும் எடுக்கும். 136.40 தந்தால் 136 என்று திருப்பித் தரும். புள்ளிக்குப் பின் உள்ளது போய்விடும். அணை மட்டத்திற்கு இது உதவாது. பார்ஸ்ஃப்ளோட் 136.4 எனத் தரும். "136.40 அடி" என்று இருந்தாலும் எண்ணை மட்டும் பிரித்துவிடும். நம்பர் அவ்வளவு தாராளமில்லை. ‘அடி’யைக் கண்டதும், இது எண் அல்ல என்ற பொருளில் ‘நேன்’ என்று சொல்லிவிடும். எனக்கு இந்தக் கண்டிப்புதான் பிடிக்கும்.

காரணம், காற்புள்ளி. போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பவர் ஒருவர் கிலோ விலையை 1,250 எனக் காற்புள்ளியுடன் டைப் செய்கிறார் என வைத்துக் கொள்ளுங்கள். பார்ஸ்இன்ட், பார்ஸ்ஃப்ளோட் இரண்டுமே காற்புள்ளியில் நின்று, விலை 1 என்று தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. 40 கிலோவுக்கு 50,000 ரூபாய் வர வேண்டிய இடத்தில் 40 ரூபாய் என்று பில் போட்டுவிடும்! நம்பர் கட்டளையோ ‘நேன்’ என்று காட்டிக் கொடுத்துவிடும்.

எனவே முதலில் ரீப்ளேஸ்ஆல் கட்டளையால் காற்புள்ளிகளை நீக்கிவிட்டு, பின்னர் நம்பர் கட்டளையில் தரவும். வெறும் ரீப்ளேஸ் எனில் முதல் காற்புள்ளி மட்டுமே போகும். 1,25,000ல் இன்னொன்று மிஞ்சிவிடும். கட்டம் காலியாக இருந்தால் நம்பர் அதை 0 என எடுத்துக் கொள்ளும் என்பதால், காலியா என்று முன்னதாகவே சோதித்துவிடவும்.