பக்கத்தில் விளைந்தது எல்லாம் நல்லதா?

கேள்வி: நாங்கள் அலிப்பூரில் குடியிருக்கிறோம். ஊருக்குப் பக்கத்தில் விளைந்ததையே வாங்க வேண்டும், உடம்புக்கும் நல்லது, லாரிப் புகையும் குறையும் என்கிறாள் என் மகள். மாமியாரோ, "இந்த ஊருக்குப் பக்கத்தில் கிடைப்பது தாபா குப்பைமேட்டுக் காயும் சாக்கடைத் தண்ணீர் மீனும்தான். அதற்கு ஆந்திரா மீனே மேல்" என்கிறார். யார் சொல்வது சரி?

— ஒரு வாசகி, அலிப்பூர், கொல்கத்தா

பதில்: இந்தக் கேள்வி வேறு நகரத்திலிருந்து வந்திருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். கொல்கத்தா என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் புகையைப் பார்ப்போம். உணவு பயணம் செய்யும் தூரம்தான் சூழலைக் கெடுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெபர், மேத்யூஸ் இருவரும் 2008இல் அந்நாட்டுக் குடும்பங்களின் உணவை ஆராய்ந்தார்கள். பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் போக்குவரத்தின் பங்கு 11 விழுக்காடு. விளைவிக்கும்போதே வெளியாவது 83 விழுக்காடு. உரம், தண்ணீர் இறைப்பது, கால்நடை எல்லாம் அதில் அடக்கம். நம் நாட்டுக்கு இதே எண்கள் பொருந்தாது. ஆனால் காரணம் பொருந்தும்: நிறையச் சுமை ஏற்றிய லாரியிலோ ரயிலிலோ வரும்போது ஒரு கிலோவின் தலையில் விழும் டீசல் குறைவு. பாதி காலியாக ஓடும் சின்ன வேன் பக்கத்து ஊரிலிருந்து வந்தாலும் அவ்வளவு சிக்கனம் அல்ல. விமானத்தில் வரும் பழங்கள் மட்டும் விதிவிலக்கு. சேமித்து வைப்பதற்கும் செலவு உண்டு. ஹூக்ளி மாவட்டத்து உருளைக்கிழங்கு உங்களுக்கு உள்ளூர்ச் சரக்குதான்; ஆனால் மார்ச் வாக்கில் தோண்டியதை நவம்பரில் வாங்கினால், அத்தனை மாதமும் குளிர்பதனக் கிடங்கு மின்சாரம் தின்றிருக்கிறது. அதே மாவட்டத்துச் சுக்சாகர் வெங்காயத்தில் ஈரம் அதிகம், நெடுநாள் தாங்காது. மற்ற மாதங்களில் நாசிக் வெங்காயம் வந்துதான் ஆகவேண்டும்.

இனி மாமியார் சொன்ன சாக்கடை மீன். அது பேரியில் வளர்வது. பேரி என்றால் ஆழம் குறைந்த, பரந்த மீன்குளம். நகரத்துக் கிழக்கே சுமார் 12,500 ஹெக்டேர் ஈரநிலத்தில் இத்தகைய குளங்கள் பரந்து கிடக்கின்றன. நகரத்தின் கழிவுநீரை அங்கே விடுகிறார்கள். வெயில் அடிமட்டம்வரை படுவதால் பாசி செழிக்கிறது. பாசி வெளியிடும் ஆக்சிஜனைக் கொண்டு பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. பாசியை மீன் தின்கிறது. சில வாரங்களில் தண்ணீர் தெளிந்து, வயலுக்கும் கால்வாய்க்கும் போகிறது. பல கோடி ரூபாயில் சுத்திகரிப்பு நிலையம் செய்யவேண்டிய வேலையை மீனவர்கள் செய்கிறார்கள், மாநகராட்சியிடம் காசு கேட்காமல். மாநில அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ் 1980களில் இதை ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இந்த நிலத்தை வேறு பயனுக்கு மாற்றக் கூடாது என்றது. 2002இல் ராம்சார் பட்டியலில், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இது சேர்ந்தது. அப்படியும் குளங்களைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பும் ஆசை ஓயவில்லை. மீன் விற்கும்வரைதான் குளம் குளமாக இருக்கும். உள்ளூர்ப் பொருளை வாங்குவதால் வரும் பெரிய நன்மை உங்கள் ஊரில் இதுதான் என்பேன். மிச்சமாகும் டீசல் இதன் முன் சிறிது.

அழுக்குத் தண்ணீர் நோய் தராதா என்றால், கிருமிகள் நன்றாகச் சமைத்தால் சாகும். சாகாதது வேறொன்று உண்டு. ஈயம், காட்மியம், குரோமியம் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். சிறிதளவே உடலில் சேர்ந்தாலும் இவற்றில் பல நாளடைவில் கெடுதல் செய்யும். குப்பையோடு வரும் பேட்டரி, பெயிண்ட், கிழக்குப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு ஆகியவற்றிலிருந்து இவை மண்ணில் சேர்கின்றன. தாபா குப்பைமேட்டில் விளையும் காய்களில் இவை இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேர் வழியாக ஏறியதை எத்தனை முறை கழுவினாலும் போகாது. பொதுவாகக் கீரையில் இது அதிகம் சேரும். பூசணி, சுரை போன்ற காய்களில் குறைவு. இந்த இடத்தில் மாமியார் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் தூரத்து மீன் என்பதாலேயே சுத்தம் என்றும் சொல்ல முடியாது. ஆந்திர மீனில் ஃபார்மலின் (பிணத்தைக் கெடாமல் வைக்கும் ரசாயனம்) கலந்திருப்பதாகக் கூறி, 2018 ஜூலையில் அசாம் அரசு அதற்குத் தற்காலிகத் தடை விதித்தது.

உடம்புக்கு நல்லது என்று மகள் சொல்வதில் மிகச் சரியானது, வாடாமல் புதிதாகக் கிடைப்பது. பறித்த பிறகும் கீரை சுவாசித்துக்கொண்டே இருக்கும். அதனால் வைட்டமின் சி வேகமாகக் குறையும். காலையில் பறித்ததை மதியம் சமைப்பதற்கு ஈடு இல்லை. ஆனால் முழுக்க உள்ளூரையே நம்பவும் கூடாது. 2020 மே 20 அன்று உம்பன் புயல் தெற்கு வங்காளத்தின் வயல்களைச் சாய்த்தபோது வெளியூர்ச் சரக்கு வேண்டியிருந்தது. 1943 வங்காளப் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. மாகாணங்கள் தானியத்தை எல்லை தாண்டவிடாமல் தடுத்ததும் அவற்றில் ஒன்று.

ஆகவே காய்க்காரரிடம் எவ்வளவு தூரம் என்று கேட்காதீர்கள். எந்த ஊர் வயல் என்று கேளுங்கள். கீரையும் கொத்தமல்லியும் தெற்கு 24 பர்கானா கிராமங்களிலிருந்து காலை லோக்கல் ரயிலில் வருவதாக இருந்தால் வாங்குங்கள், தாபா என்றால் வேண்டாம். பேரி மீனைத் துள்ளத் துள்ள ஹாண்டி எனும் பானையில் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் சின்ன அளவுதான். நன்றாகக் கொதிக்கும் குழம்புக்கு அதை வாங்கலாம். பெரிய துண்டு வேண்டுமென்றால் சாலானி ரோகு, அதாவது வெளியூரிலிருந்து ஐஸில் வரும் ரோகு, இருக்கிறது; செவுள் சிவந்திருக்கிறதா, சதை அழுத்தினால் மீள்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.