எல்லைப்புற மலைநிலங்களில் மரம் வெட்ட அனுமதி: கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும் ஒரு பாடம்

பாலக்காட்டுச் சீமையின் சித்தூர், அட்டப்பாடிப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்து உடும்பன்சோலை, தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் பேசும் குடிகள் மிகுதியாக வாழ்கின்றனர். அவர்கள் கிராம ஊழியரிடத்தும் பள்ளி ஆசிரியரிடத்தும் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு: “ஐயா, வீட்டின்மேல் சாய்ந்து நிற்கும் மரத்தை வெட்டலாமா, கூடாதா?” வினா எளிது, விடை எளிதன்று. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியபின் இதற்கு விடை தேடப் புகுதல் காலந்தாழ்ந்த செயலாகும். விடை பிழைத்தால் ஒருபுறம் வழக்கு, மறுபுறம் உயிர்ச்சேதம். ஆதலின் இப்பொருளை நாம் சிறிது நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

“என் நிலம், என் மரம், இதில் பிறர்க்கு என்ன வேலை?” என்பது உழவரின் இயல்பான எண்ணம். ஆனால் கேரளத்தில் நிலத்தின் உரிமையும் அதில் நிற்கும் மரத்தின் உரிமையும் எப்போதும் ஒருவரிடமே இருப்பதில்லை. திருவிதாங்கூர் அரசர் காலத்திலேயே தேக்கு, ஈட்டி முதலியன ‘ராஜ விருட்சங்கள்’ எனப்பட்டு அரசுக்கு உரியனவாய் இருந்தன. அவ்வழக்கத்தின் எச்சம் 1964ஆம் ஆண்டின் கேரள நிலம் வழங்கல் விதிகளில் இன்றும் காணப்படுகிறது. அவ்விதிகளின்படி பட்டயம் பெற்ற நிலத்தில், பட்டயம் அளித்த வேளையில் அரசுக்கென ஒதுக்கப்பட்ட தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவற்றைப் பட்டயதாரர் தம் விருப்பப்படி வெட்டுதல் இயலாது. எனவே மரத்தை நோக்குமுன் பட்டயத்தை நோக்குக. அது எந்த விதியின்கீழ், எந்த ஆண்டில் வழங்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்வதே முதற்பணி.

இதன் இன்றியமையாமையை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று நன்கு காட்டும். 2020 அக்டோபரில் வருவாய்த்துறை பிறப்பித்த ஓர் ஆணை, பட்டய நிலங்களில் குடிகள் வளர்த்தனவும் தாமே முளைத்தனவுமான மரங்களை, சந்தனம் நீங்கலாக, வெட்ட இடந்தருவதாகப் பொருள் கொள்ளப்பட்டது. 2021 பிப்ரவரியில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட சில திங்களுக்குள் வயநாட்டின் முட்டில் என்னும் ஊரில் பழமையான ஈட்டி மரங்கள் பல வீழ்த்தப்பட்டன. பின்னர் வழக்குகள் எழுந்தபோது, ஆணையை நம்பி மரத்தை விற்ற சிறு பட்டயதாரரும் விசாரணைக்குள் சிக்கினர். வெட்டிய மரத்தை மீண்டும் நிறுத்த எந்த ஆணையாலும் முடியாது. ஆணையின் செய்தியைச் செவிவழியாகக் கேட்டு உழவர்க்கு அறிவுரை கூறாதீர். அதன் படியைக் கையில் பெற்று வாசித்தபின் கூறுக.

அடுத்து, நிலம் எப்பகுதியைச் சார்ந்தது என்பது. 1986ஆம் ஆண்டின் கேரள மரப் பாதுகாப்புச் சட்டம், தனியார் காடுகள், ஏலமலைக் காப்பு நிலம், ஏலம் பயிராகும் பிற இடங்கள் ஆகியவற்றை அறிவிக்கை மூலம் தனிப் பகுதிகளாகக் குறிக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அவ்வாறு அறிவிக்கப்பட்ட இடத்தில் மரம் வெட்டலாகாது. வெட்டுதல், வேரோடு பெயர்த்தல், தீயிடுதல், வேறு வகையில் அழித்தல் யாவும் தடைக்குள் அடங்கும். விலக்கு இரண்டே: மரம் உயிர்க்கோ உடைமைக்கோ ஊறு விளைக்கும் நிலையில் இருத்தல், அல்லது பட்டும் நோயுற்றும் காற்றில் வீழ்ந்தும் போயிருத்தல். அறிவிக்கப்படாத பகுதிகளுக்கு 2005ஆம் ஆண்டின் காடல்லாத இடங்களில் மரவளர்ப்பை ஊக்குவிக்கும் சட்டம் பொருந்தும். அதன் நோக்கம் வேறு. மரம் நட்டவன் அதன் பயனை அடைவான் என்னும் நம்பிக்கை இருந்தாலன்றி எவரும் மரம் நடார் என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து.

இடுக்கியின் ஏலமலையில் இச்சிக்கல் மேலும் கடினமானது. 1896இல் திருவிதாங்கூர் அரசு ஏல வாணிபத்தின் முற்றுரிமையைக் கைவிட்டபின், 1897இல் ஏலமலை காப்பு நிலமாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 15,720 ஏக்கர் என்று ஒரு சாராரும், 2,15,720 ஏக்கர் என்று மற்றொரு சாராரும் வழக்காடி வருகின்றனர். ஒரே ஒரு ‘2’ என்னும் எண், பல்லாயிரம் குடும்பங்களின் நிலைமையை மாற்ற வல்லதாய் நிற்கிறது! நிலம் வருவாய்த்துறையின் ஆளுகையிலும், அதன்மேல் நிற்கும் மரம் வனத்துறையின் ஆளுகையிலும் இருப்பதால், ஓர் அலுவலகத்தில் பெற்ற விடை மற்றோர் அலுவலகத்தில் செல்லாமற் போதலும் உண்டு. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இப்பகுதியில் புதிய பட்டயம் வழங்குவதைத் தடுத்து இடைக்கால ஆணை பிறப்பித்ததும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

ஏலத்திற்கு நிழல் வேண்டும். ஆனால் அடர்ந்த இருட்டு வேண்டியதில்லை. மழைக்குமுன் மேற்கிளைகளைக் கழித்து வெளிச்சத்தைச் சரிசெய்தல் அனுபவமிக்க தோட்டக்காரர் அனைவரும் செய்வதே. கிளை கழித்தல் வேறு, மரத்தை வீழ்த்துதல் வேறு என்பதை ஊழியர் தெளிவாக விளக்கவேண்டும். மரத்தின் பட்டையை வளையமாக உரித்துப் பட்டுப்போகச் செய்தபின் ‘பட்ட மரம்’ என்று விண்ணப்பிக்கும் சூழ்ச்சியும் சிலவிடங்களில் உண்டு. உரித்த வடு எளிதில் மறைவதில்லை. பார்வையிடும் வனக் காவலர் அதனைக் கண்டுகொள்வர்.

மூன்றாவதாக, மரம் எவ்வினம் என்பது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் பத்து இனங்களைப் பெயர்சுட்டிக் கூறுகிறது: சந்தனம், தேக்கு, ஈட்டி, இருள், தேம்பாவு, கம்பகம், செண்பகம், சடச்சி, சந்தன வேம்பு, சீனி. தேம்பாவு என்பது நம் நாட்டில் கருமருது எனப்படுவது. சந்தன வேம்பு சந்தனமுமன்று, நம் வீட்டு முற்றத்து வேம்புமன்று. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு மரம். மாணவரைக் கொண்டு இப்பத்தின் இலைகளையும் பட்டைகளையும் திரட்டி, மலையாளப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் அருகருகே எழுதி வகுப்பில் வைத்தல் மிகப் பயனுள்ள பாடமாகும். விண்ணப்பங்களில் பெயர்மயக்கத்தால் விளையும் பிழைகள் கொஞ்சமல்ல. சந்தனத்திற்கு மட்டும் தனி விதிகள் உண்டு. சொந்த நிலத்தில் தானாக முளைத்ததாயினும் அதனைத் தொடுமுன் வனத்துறையை அணுகுக.

சித்தூர்ப் பகுதியின் பனை இப்பத்தில் இல்லை. ஆனால் எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமென 2021ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஒரே உழவர்க்கு இருபுறமும் நிலம் இருக்குமாயின் இவ்வேற்றுமை அவர்க்குத் தெரிந்திருத்தல் நலம்.

இனி, ஊறு விளைக்கும் மரத்தை எவ்வாறு அறிவது? மரம் சாய்ந்திருப்பது மட்டும் அபாயமன்று. பல்லாண்டுகளாகச் சாய்ந்தே வளர்ந்த மரம், சாய்வைத் தாங்கத்தக்க கட்டையைத் தானே உண்டாக்கிக்கொண்டு உறுதியாக நிற்கும். அதன் நுனி மேல்நோக்கி வளைந்திருப்பதே அடையாளம். நுனிவரை நேராக இருந்து, முழுமரமும் புதிதாகச் சாய்ந்திருப்பின் அஞ்சுதல் வேண்டும். சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்தலும், வேர்ப்பகுதி மேலெழும்புதலும், அடிமரத்தில் காளான் தட்டுகள் தோன்றுதலும் தீய குறிகள். உள்ளே பொந்து இருப்பினும், சுற்றிலுமுள்ள நல்ல கட்டையின் தடிப்பு ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதிருந்தால் மரம் பெரும்பாலும் தாங்கும். இக்குறிகளை அளவோடு எழுதிய விண்ணப்பம், ‘பயமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதியதைவிட விரைவில் கவனிக்கப்பெறும்.

சரிவான நிலத்தில் மற்றொரு கணக்கும் உண்டு. உயிருள்ள வேர் மண்ணைப் பிணைத்து நிற்கிறது. வெட்டியவுடன் அப்பிணைப்பு அறுந்துவிடுவதில்லை. வேர் மெல்ல மெல்ல மக்கி, சில ஆண்டுகளுக்குப் பின்னரே சரிவு மிகவும் நலிவுறுகிறது. மரத்தை வெட்டிய ஆண்டில் ஒன்றும் நேராததைக் கண்டு ஏமாறலாகாது. வெட்ட நேரினும் அடிக்கட்டையைப் பெயர்க்காது விட்டு, அருகில் ஆழவேர் விடும் மரங்களை நடுதல் வேண்டும். ஆயினும் எல்லா நிலச்சரிவுக்கும் மரவெட்டே காரணம் என்று மாணவர்க்குக் கற்பித்தல் தவறு. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பைப் புதைத்து எழுபது உயிர்களைக் கொண்ட சரிவு, அடைமழையின் விளைவாக மேல்மலையிலிருந்து இறங்கி வந்தது.

அண்டை நிலத்து மரம் நம் வீட்டை அச்சுறுத்துமாயின், ஊராட்சிச் செயலரிடம் எழுத்து மூலம் முறையிடலாம். உரிமையாளர்க்கு அறிவிப்புத் தந்து அதனைக் கழிக்கவோ வெட்டவோ செய்ய, 1994ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிச் சட்டத்தில் வழியுண்டு. பள்ளி வளாகத்து மரமாயின் தலைமை ஆசிரியர் தம் பொறுப்பில் கோடரி எடுப்பித்தல் கூடாது. சமூக வனவியல் பிரிவு மரத்தை மதிப்பிட்டு விலை குறித்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.

வெட்டும் அனுமதியும் எடுத்துச்செல்லும் அனுமதியும் வெவ்வேறு என்பதையும் மறவாதீர். முறையாக வெட்டிய தேக்காயினும், சீட்டின்றி வாளையாறு சாவடியைக் கடக்க முற்பட்டால் பறிமுதலாகும். மாநில எல்லை கடக்கும் மரங்களுக்காக மத்திய அரசு 2023இல் நாடு தழுவிய சீட்டு முறையொன்றைத் தொடங்கியுள்ளது.

விண்ணப்பத்துடன் பட்டயத்தின் படி, வரி செலுத்திய ரசீது, மரத்தின் இனம், மார்பளவு உயரத்தில் சுற்றளவு, வீட்டிலிருந்து அதன் தூரம் ஆகியவற்றைக் காட்டும் ஒரு கைவரைபடம், நாற்புறமிருந்தும் எடுத்த நிழற்படங்கள் ஆகியவற்றை இணைக்கச் செய்க. கையொப்பமிட்டுப் பெற்ற ரசீதை உழவரே வைத்துக்கொள்ள வேண்டும். காற்றில் தானே வீழ்ந்த மரமாயினும், அலுவலர் வந்து பார்க்கும்வரை அடிக்கட்டையை அறுக்காமல் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.