தாடை வலியும் பல் சிகிச்சையில் தூய்மையும்

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. பல்லின் அருமையை உணர்ந்துள்ள நம் கிராம மக்கள், தாடை மூட்டினைப் பற்றி அதிகம் அறிந்தாரில்லை. காதருகே வலி தோன்றினால் கடைவாய்ப் பல்லே காரணம் என முடிவு செய்து, அதனைப் பிடுங்கிவிடுமாறு கேட்போர் பலர். குற்றமற்ற பல் போய்விடுகிறது, வலியோ போவதில்லை. அதனினும் பெரிய தீங்கு ஒன்றும் உண்டு. தூய்மையற்ற கருவியால் பல் பிடுங்கப்படுமாயின், அப்புண்ணின் வழியே கொடிய நோய்க் கிருமிகள் உடலினுள் புகக்கூடும். ஆகவே, எவ்வலி பல்லினால் வருவது, எவ்வலி மூட்டினால் வருவது என்பதையும், பல் சிகிச்சை நடைபெறும் இடத்தில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மூட்டின் அமைப்பும் அதன் கோளாறும்

காதுத் துவாரத்திற்குச் சற்று முன்பாக விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் அசைவதே தாடை மூட்டு. முகத்தின் இரு புறமும் ஒவ்வொன்றாக அமைந்துள்ள இம்மூட்டு, கதவின் கீல் போலச் சுழல்வதோடு முன்னும் பின்னும் வழுக்கி நகரவும் செய்கிறது. எலும்புகள் ஒன்றோடொன்று உராயாதபடி நடுவே மெல்லிய வட்டு ஒன்று மெத்தை போல் உள்ளது. இவ்வட்டு இடம் பெயர்ந்தாலும், சுற்றியுள்ள தசைகள் களைத்தாலும் வலி உண்டாகும்.

உறக்கத்தில் பற்களை நறநறவெனக் கடித்தல், மனக் கவலையால் பற்களை இறுகக் கடித்திருத்தல், தாடையில் அடிபடுதல், மூட்டு வாதம் ஆகியவை இதற்குரிய காரணங்களுள் சில. மெல்லும்போது வலி, காதருகே 'கிளுக்' என்ற ஓசை, வாயை முழுதும் திறக்க இயலாமை ஆகியவை இதன் குறிகள். வலியின்றி ஓசை மட்டும் கேட்குமாயின் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

பல்லினால் வரும் வலி வேறு தன்மையது. குளிர்ந்த நீரோ இனிப்போ பட்டால் பல் கூசும், குறிப்பிட்ட ஒரு பல்லைத் தட்டினால் வலிக்கும், ஈறு வீங்கலாம். மூட்டு வலியோ காதின் முன்புறத்தை அமுக்கினால் மிகும். பற்களைக் கடித்து உறங்குவோர்க்குக் காலையில் எழும்போது அதிகமாக இருக்கும். எவ்வாறாயினும், பல் மருத்துவர் பார்த்து உறுதி செய்யாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாகாது.

தாடை மூட்டு வலி பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ எளிய முறைகளாலேயே தணிந்துவிடும். கரும்பு, முறுக்கு, வறுத்த கடலை போன்ற கடினமான பண்டங்களைச் சில நாள் விலக்கி, கஞ்சி, இட்லி, குழைந்த சோறு ஆகியவற்றை உண்ணலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், சூடு பொறுக்கும் அளவில் ஒத்தடம் கொடுக்கலாம். கொட்டாவி வரும்போது மோவாயைக் கையால் தாங்கிக்கொள்வது நலம்.

தாமதிக்கக் கூடாத குறிகள்

1. கொட்டாவி விட்டபின் திறந்த வாயை மூட முடியாமற் போனால், மூட்டு விலகியிருக்கிறது என்று பொருள். வீட்டில் எவரும் முரட்டுத்தனமாகத் தள்ளிப் பார்க்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

2. மண்ணோ சாணமோ பட்ட காயத்திற்குப் பின், சில நாட்களிலோ வாரங்களிலோ தாடை இறுகி வாய் திறவாமற் போனால், அது இரண ஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயாக இருக்கலாம். இது உயிருக்கே ஆபத்தானது.

3. பாக்கு, குட்கா மெல்லுவோர்க்குக் காரம் பட்டால் வாய் எரிவதும், வாய்த் திறப்பு மெல்ல மெல்லக் குறுகுவதும் மூட்டுக் கோளாறு அல்ல. வாயின் உட்தோல் இறுகுவதே காரணம். இது புற்றுநோயாகவும் மாறக்கூடும். தம் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயினுள் நுழைக்க இயலாதோர் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

4. நெஞ்சில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றுடன் தாடையும் வலிக்குமாயின் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

வாணியம்பாடி தரும் பாடம்

பல் சிகிச்சையில் தூய்மை குன்றினால் நேரும் தீங்குக்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. வாணியம்பாடியில் ஒரு பல் சிகிச்சை நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்களுள் 8 பேர் மூளையையும் நரம்புகளையும் தாக்கும் மெலியாய்டோசிஸ் என்னும் நோயால் 2023ஆம் ஆண்டில் உயிரிழந்தனர். காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், முகத்தசைச் செயலிழப்பு ஆகியவை அவர்களிடம் தோன்றின. இந்நிகழ்ச்சியைப் பற்றிய ஆய்வு 2025இல் வெளிவந்தது. உப்பு நீர்ப் புட்டி ஒன்றைத் தூய்மையற்ற கருவியால் திறந்து, தளர்வாக மூடி வைத்து, மீண்டும் மீண்டும் பலருக்குப் பயன்படுத்தியதே காரணமென அவ்வாய்வு சுட்டிற்று.

விவசாயிகள் கருதத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. அக்கிருமி எங்கிருந்தோ வந்ததன்று. சேற்றிலும் நீரிலும் வாழ்வது. வயலில் இருக்க வேண்டியது வாயினுள் புகுந்ததே விபரீதம். நீரிழிவு உள்ளோரை இந்நோய் எளிதில் பற்றும்.

இரத்தத்தின் மூலம் பரவும் மஞ்சட் காமாலையையும் மறத்தலாகாது. ஹெபடைடிஸ் பி கிருமி, உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்திலும் ஏழு நாட்கள் வரை உயிரோடு இருக்க வல்லது. கண்ணுக்குச் சுத்தமாகத் தோன்றும் கருவியும் இதனால் நோய் தரலாம். இதற்குத் தடுப்பூசி உண்டு.

கேட்க வேண்டிய கேள்விகள்

கருவிகளை மருந்து நீரில் முக்கி எடுப்பதும், வெறுமனே கொதிக்க வைப்பதும் போதா; சில கிருமிகளின் விதைகள் கொதிநீரிலும் மடிவதில்லை. பிரஷர் குக்கரின் தத்துவத்தில் இயங்கும் ஆட்டோகிளேவ் என்னும் கலத்தில், 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், குறிப்பிட்ட நேரம் வைத்து எடுத்தாலே அவை மடியும். ஆகவே, பின்வருவனவற்றைக் கேட்டறிய எவரும் கூச வேண்டியதில்லை. மருத்துவர் பல் மருத்துவப் பதிவேட்டில் பெயர் பதிந்தவரா? கருவிகள் மூடிய உறையிலிருந்து நம் எதிரில் எடுக்கப்படுகின்றனவா? ஊசி புதியதா? கையுறை ஒவ்வொருவருக்கும் மாற்றப்படுகிறதா? புண்ணைக் கழுவும் நீர் புதிதாகத் திறந்த புட்டியிலிருந்து வருகிறதா?

பஞ்சாயத்தின் கடமை

நம் ஊர்களில் இலவசப் பல் முகாம்கள் நடைபெறுகின்றன. அவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும், அனுமதி அளிக்குமுன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 60 பேர் வரும் முகாமுக்கு 10 தொகுதிக் கருவிகளே கொண்டுவரப்பட்டால், ஒவ்வொன்றும் ஆறு முறை பயன்பட வேண்டும். இடையில் ஐந்து முறை தூய்மை செய்யப்பட வேண்டும். கழுவி, உறையிட்டு, நீராவியில் வைத்து, உலர்த்தி எடுக்க ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். அரை நாள் முகாமில் இது நடவாது. ஆகவே, வருவோர் தொகைக்கு ஏற்ற கருவிகள் இருந்தாலன்றி, முகாமில் பரிசோதனை மட்டும் செய்து, பல் எடுக்க வேண்டியவர்களைப் பல் மருத்துவப் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்புவதே முறை.

பயன்படுத்திய ஊசிகளும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் ஊர்க் குப்பை மேட்டிற்கு வரலாகாது. 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசிகளைத் துளைபடாத கலத்திலும், இரத்தக் கறை பட்ட பஞ்சினை மஞ்சள் பையிலும் இட்டுத் தனியே அனுப்ப வேண்டும். இதனை மீறினால் முதலில் துன்புறுபவர் நம் தூய்மைப் பணியாளரே.

விதை வாங்கும்போது முளைப்புத் திறனைக் கேட்கிறோம்; மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். நம் பல்லில் கருவி படும்போது மட்டும் வாய்மூடி இருத்தல் தகாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இப்பொருளை எடுத்துப் பேசி, முகாம்களுக்கான நிபந்தனைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.