விலையா விரட்டுகிறது? – தமிழ்ச் சித்திரக்கதைகளும் வாசகர்களும்

“சித்திரக்கதைப் புத்தகம் யானை விலை, குதிரை விலை விற்கிறது, பிறகு யார் வாங்கிப் படிப்பார்கள்?” தமிழ் நூல்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்தக் குறையும் கூடவே எழும். நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். பாயான் பாருவில் என்னிடம் பாடம் படிக்கும் ஒரு பையன் கேட்ட கேள்விதான் என்னை மறுபடியும் கணக்குப் போட வைத்தது.

நான் வளர்ந்ததும் பாயான் பாருவில்தான். அப்பாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. சம்பளம் வந்த வாரம் அவரோடு சந்தைக்குப் போவேன். அருகில் இருந்த சிறிய கடையில் தமிழ் வார இதழ்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். அவற்றுக்கிடையே ராணி காமிக்ஸும் லயன் காமிக்ஸும் எட்டிப் பார்க்கும். மங்கலான தாள், கறுப்பு வெள்ளைப் படங்கள். ஆனாலும் வீடு வந்து சேருமுன் பாதிக் கதை முடிந்துவிடும். ‘சதி’, ‘தடயம்’, ‘நயவஞ்சகன்’ போன்ற சொற்களைப் பாடநூலில் பார்க்குமுன்னே அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

விலை ஏறிய கதை

தமிழ்ச் சித்திரக்கதை வரலாற்றில் சிவகாசிக்குத் தனியிடம் உண்டு. 1972இல் சவுந்திரபாண்டியன் அங்கே முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் அவருடைய மகன் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் பிறந்தது. அதே ஆண்டில் தினத்தந்தி குழுமம் ராணி காமிக்ஸை வெளியிடத் தொடங்கியது.

2000ஆம் ஆண்டுகளில் லயன் காமிக்ஸ் இதழொன்று 10 ரூபாய்க்குக் கிடைத்தது. அன்றைய மாற்று மதிப்பில் அது ஏறத்தாழ ஒரு வெள்ளி. 2012 ஜனவரியில் வண்ணப் படங்களும் வழவழப்பான தாளுமாக ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வந்தபோது அதன் விலை 100 ரூபாய். அடுத்த ஆண்டு வந்த முத்து காமிக்ஸ் சிறப்பிதழ் ஒன்றின் விலை 400 ரூபாய்.

விலை மட்டுந்தான் காரணம் என்றால் இந்த வெளியீடுகள் அன்றே நின்றிருக்க வேண்டும். அவை நிற்கவில்லை, இன்றும் வெளிவருகின்றன. மாறாக, மலிவு விலையில் தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் வந்த ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோனது. மலிவாக இருந்தது பிழைக்கவில்லை. விலை ஏறியது பிழைத்திருக்கிறது. இதை எப்படிப் புரிந்துகொள்வது?

வெளிநாடுகள் காட்டும் பாடம்

விலை வாசகரை விரட்டியதும் உண்டு. அமெரிக்காவில் 1930களிலிருந்து 1961 வரை ஒரு காமிக்ஸின் விலை 10 சென்ட்தான். செலவு கூடியபோது பதிப்பாளர்கள் விலையை ஏற்றாமல் பக்கங்களைக் குறைத்தார்கள். 1961இல் டெல் நிறுவனம் விலையை 15 சென்டாக உயர்த்தியது. மற்றவர்கள் 12 சென்டோடு நின்றுகொண்டார்கள். விற்பனை சரியவே, டெல்லும் பின்னர் 12 சென்டுக்கு இறங்கி வந்தது. பக்கத்திலேயே மலிவான இன்னொன்று இருந்தால் வாசகர் அதற்குத் தாவிவிடுவார் என்பதே இதன் பாடம்.

ஜப்பானின் அனுபவம் வேறு. அங்கே ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழ் 1990களின் நடுவில் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டி விற்றது. 2017இல் அது 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. அதன் விலை அப்படியொன்றும் எட்டாத உயரத்துக்குப் போய்விடவில்லை. கைப்பேசியும் பிற பொழுதுபோக்குகளும் வாசகரின் நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டன.

இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு கதைக்கு உரிமைத் தொகை, மொழிபெயர்ப்பு, அச்சுக்கோப்பு எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் ஆவதாக வைத்துக்கொள்வோம். 10,000 பிரதிகள் அச்சிட்டால் இந்தச் செலவு பிரதிக்கு 10 ரூபாய். 1,000 பிரதிகள்தான் என்றால் 100 ரூபாய். தாளும் மையும் இதற்கு மேல். ஆகவே விலை ஏறுவதால் மட்டும் வாசகர் குறைவதில்லை. வாசகர் குறைவதாலும் விலை ஏறுகிறது.

பையன் கேட்ட கேள்வி

சனிக்கிழமைகளில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒருநாள் என்னிடமிருந்த பழைய சித்திரக்கதை இதழ்களை அவர்கள் முன் வைத்தேன். தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயிலும் ஒரு பையன், பாடநூலை வாசிக்கச் சொன்னால் தலையைச் சொறிபவன், அன்று குரலை மாற்றி மாற்றி உரையாடல்களைச் சத்தமாக வாசித்தான். முடித்துவிட்டு, “அக்கா, இது எந்தக் கடைல கிடைக்கும்?” என்று கேட்டான்.

என்னிடம் பதில் இல்லை. அவன் “எத்தனை வெள்ளி?” என்று கேட்கவில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். அவன் பையிலேயே ‘எக்ஸ்-வென்ச்சர்’ வரிசையின் மலாய்க் காமிக்ஸ் ஒன்று இருந்தது. அதன் விலை பத்து வெள்ளிக்கும் மேல். அவன் அம்மா பேரங்காடிப் புத்தகக்கடையில் வாங்கித் தந்தாராம். ஆக, அந்த வீட்டில் காமிக்ஸ் வாங்கப் பணம் இருக்கிறது. தமிழ்க் காமிக்ஸ்தான் அவர்கள் கண்ணில் படும் இடத்தில் இல்லை.

விலையின் உண்மையான பாதிப்பு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. விலை ஏறியபோது பழைய வாசகர் போய்விடவில்லை. சிறு வயது நினைவோடு சந்தா கட்டினார். புத்தகக் கண்காட்சியில் தேடி வாங்கினார். ஆனால் சந்தாவையும் கண்காட்சியையும் நம்பி வாழும் நூல் கடைக் கயிற்றிலிருந்து இறங்கிவிடுகிறது. அப்பாவின் கையைப் பிடித்து நடந்த நான் தற்செயலாகக் கண்டதைப்போல இன்றைய பிள்ளை காண வழியில்லை. விலை வந்தவரை விரட்டவில்லை; வர வேண்டியவருக்குக் கதவை அடைத்துவிட்டது.

நாம் செய்யக்கூடியது

மலேசியாவிலிருந்து தனியாளாக வரவழைத்தால், அஞ்சல் செலவு புத்தக விலையையே மிஞ்சக்கூடும். பத்துப் பேர் சேர்ந்து ஒரே கட்டாக வரவழைத்தால் அந்தச் சுமை குறையும். நம் கழகம் இதைச் செய்யலாம். படித்து முடித்த இதழ்களை அலமாரியில் பூட்டிவைக்காமல், பிள்ளைகளுக்கு ஏற்றவற்றைத் தேர்ந்து ஒரு பெட்டியில் போட்டு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிகளுக்கு மாதம் ஒன்றாகச் சுற்றுக்கு விடலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பெட்டியைத் தூக்கிச் செல்ல இருவர் போதும்.

இப்போது என் வீட்டு வாசலில் அப்படியொரு பெட்டி இருக்கிறது. அதில் பதினேழு இதழ்கள். அந்தப் பையன் நான்காவதை முடித்துவிட்டான். வாரம் ஒன்றுதான் எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு எடுத்துப் போகிறான். நானும் கண்டுகொள்வதில்லை. பதினேழும் தீருமுன் அடுத்த கட்டு வந்து சேர வேண்டும். மாணவ நண்பர்களே, முன்னாள் மாணவர்களே, அதற்கு உங்கள் கைகளும் வேண்டும்.